வேகம் குறைந்த பதினைந்து மின்விசிறிகள்

லிஃப்ட் ஓடாது என்று தெரிந்தும் நிதானம் அதன் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"மூணாவது தடவை அமுக்குங்க சார். அதுவே வெளியே வந்து மன்னிப்பு கேக்கும்" என்றாள் பட்டாசு.

நிதானம் படிக்கட்டை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருடத் துப்பறியும் தொழிலில் அவருக்கு மிஞ்சியவை எதற்கும் பதறாத குணமும், படிக்கட்டைக் கண்டாலே முனகும் இரண்டு முழங்கால்களும்தான். முதலாவதைப் பார்த்து ஊர் வைத்த பெயர் நிதானம். பட்டாசு அவருடைய உதவியாளர், நாற்பது வயதுக்காரி. அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. அவள் வாயைத் திறந்தால் போதும், கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

நான்கு மாடிக் கட்டடம். மாடிக்கு ஆறு, ஆக இருபத்து நான்கு வீடுகள். நேற்று முன்தினம் பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்பது வீடுகளில் டிவியும் ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் புகைந்தன. மூன்றாவது மாடியில் தனியாக இருந்த டீச்சரம்மாவின் மூச்சு மெஷின் கருகிப் போனது. கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் தப்பியது. ஆனால் இன்னும் ஆஸ்பத்திரியில் முகமூடிக்குள்தான் மூச்சு விடுகிறார். கட்டடத்துக்கு இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை.

மீட்டர் ரூமில் ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று பழி கட்டடத்து ஒயர்மேன் மேல் விழுந்தது. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர்களின் கூட்டம். ஒயர்மேனை வேலையிலிருந்து நீக்குவது, கீழ்த்தளத்தில் அவர் குடியிருக்கும் அறையைக் காலி செய்யச் சொல்வது, போலீசில் புகார் கொடுப்பது, மூன்றும் டைப் அடித்து முடிந்தாயிற்று. அடித்தவர் சங்கச் செயலாளர். அவர் டீச்சரம்மாவின் ஒரே மகன். குடியிருப்பது அதே கட்டடத்தின் நான்காவது மாடியில்.

நிதானத்தைக் கூப்பிட்டது ஒயர்மேனின் மனைவி. கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை.

"ரெண்டு நாளா வேற எதுவுமே பேச மாட்டேங்கறார்யா" என்றாள், இடுப்புச் சாவியால் மீட்டர் ரூம் கதவைத் திறந்துகொண்டே. "யார் கேட்டாலும் நான்தான், நான்தான்னு ஒத்துக்கறார். ஒரு சுவிட்சுல தூசி இருந்தா ராத்திரி தூங்க மாட்டார். அந்த மனுஷன் போல்ட்டை முறுக்காம விடுவாரா?"

நிதானம் டார்ச்சை அடித்தார். சுவர் முழுக்க மீட்டர்கள். ஒவ்வொன்றின் கீழும் விரலளவு திருகு சுவிட்ச். அதைச் சுற்றி சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பொட்டுகள். தெருவிலிருந்து கட்டடத்துக்கு மின்சாரம் மூன்று கம்பிகளில் வருகிறது. ஒரு வீடு எந்தக் கம்பியிலிருந்து குடிக்க வேண்டும் என்பதை அந்தத் திருகு தீர்மானிக்கிறது.

"இதுதான் அவரோட நோட்டு" என்று ஒயர்மேனின் மனைவி நீட்டினாள். "எங்க ரூமை விட்டு வெளியே போனதே இல்ல. இன்னைக்குத்தான், அதுவும் அவருக்குத் தெரியாம."

பிரித்துப் பார்த்தவரின் களைத்த முகத்தில் அன்று முதல் முறையாக ஓர் உயிர் வந்தது. வீட்டு எண், கம்பியின் நிறம், ஏசி உண்டா இல்லையா, எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கும், துவைக்கும் மெஷின் எந்தக் கிழமை ஓடும் என்று பொடிப்பொடி எழுத்தில் இருபத்து நான்கு வரிகள். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் பகலெல்லாம் ஏசி ஓடும் வீட்டை ஜோடி சேர்த்திருந்தார் மனிதர். சிவப்பில் எட்டு, மஞ்சளில் எட்டு, நீலத்தில் எட்டு.

"கல்யாணத் தரகர் கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார் சார்" என்றாள் பட்டாசு.

நிதானம் நோட்டையும் சுவரையும் வரிவரியாக ஒப்பிட்டார். அவசரமே இல்லாமல் கால்மணி நேரம். இருபத்து நான்கு திருகுகளும் நோட்டில் உள்ளபடியே இருந்தன. ஒன்று கூடப் பிசகவில்லை.

பிறகு கீழே குனிந்து நியூட்ரல் இணைப்பைப் பார்த்தார். எல்லா வீட்டு மின்சாரமும் வேலை முடிந்து திரும்பிப் போகிற பொதுக் கம்பி அது. அதன் போல்ட் கறுத்து, ஒரு பக்கம் மெழுகு போல வழிந்திருந்தது.

"சரியா முறுக்கலன்னு மின்சார ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க" என்றாள் மனைவி.

"லூசா இருந்திருக்கலாம்மா. ஆனா லூசா இருந்தா மட்டும் உருகாது. மூணு கம்பியிலயும் பாரம் சமமா இருந்தா திரும்பிப் போற கரண்ட் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும். நியூட்ரலுக்கு வேலையே இருக்காது. இந்த போல்ட் நாள்கணக்கா ஓவர்டைம் பார்த்துச் செத்திருக்கு." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சுவர்ல இருக்கற திருகு பாரம் சமம்னு சொல்லுது. போல்ட் இல்லைங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

"போல்ட்டுக்குப் பொய் சொல்ல வாய் உருகிப் போச்சே சார்."

"அதனாலதான் திருகு மேல சந்தேகம். வா, மாடி ஏறணும்."

"இதைத்தான் நான் பயந்தேன்."

*

போன வீட்டிலெல்லாம் அவர் கேட்டது ஒரே கேள்வி. அன்று மூன்று மணிக்கு உங்கள் ஃபேன் வேகமாகச் சுற்றியதா, மெதுவாகச் சுற்றியதா?

முதல் மாடியில் பல் டாக்டரம்மா. நோட்டின்படி சிவப்பு. "வேகமா? ஹெலிகாப்டர் மாதிரி! நான் கட்டில்லேர்ந்து இறங்கிட்டேன். அதுக்குள்ள டிவியிலேர்ந்து புகை."

எதிர் வீட்டில் தையல் மாஸ்டர். மஞ்சள். "ஃபேன் ஊர்ந்துச்சு சார். பல்பு மெழுகுவர்த்தி மாதிரி ஆயிடுச்சு. மிஷின் தைக்கவே இல்ல. ஆனா எதுவும் எரியல, தப்பிச்சேன்."

இரண்டாவது மாடிக்கு வந்தபோது நிதானம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். அங்கே அண்ணன் வீடும் தம்பி வீடும் பக்கம் பக்கம். இரண்டும் நோட்டில் நீலம். நடுவில் ஒரே சுவர் இருந்தும் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை எதுவும் இல்லை என்பது கதவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது.

"எனக்கு எல்லாம் போச்சுங்க" என்றார் தம்பி. "ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி. ஃபேன் பிடுங்கிட்டுப் பறக்கப் பார்த்துச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகலையாம். அதான் அவருக்குச் சந்தோஷம்."

அண்ணன் கதவிடுக்கிலிருந்தே பேசினார். "எனக்கு ஃபேன் மெதுவாயிடுச்சு. ஏசி நின்னுடுச்சு. அவ்வளவுதான். மனசு நல்லா இருந்தா பொருளும் நல்லா இருக்கும்."

"உங்க மனசு எந்தக் கம்பெனி சார்? வாரண்டி எவ்வளவு?" என்று பட்டாசு கேட்டதற்குக் கதவு மூடிக்கொண்டது.

படிக்கட்டுத் திருப்பத்தில் நிதானம் உட்கார்ந்தார். கீழே தையல் மாஸ்டரிடம் வாங்கியிருந்த மூன்று நூல் துண்டுகளை ஒரு முடிச்சில் சேர்த்தார்.

"ரெண்டு நுனியைப் பிடி. ஒண்ணை நான் பிடிக்கறேன். மூணு பக்கமும் சமமா இழுத்தா முடிச்சு எங்க நிக்கும்?"

"நடுவுல."

"சமமா இல்லன்னா ஒரு பக்கமா ஓடப் பார்க்கும். ஓடாம இருக்க நடுவுல ஆணி அடிச்சு நிறுத்தி வெச்சிருக்கோம். அந்த ஆணிதான் நியூட்ரல். இப்ப ஆணி பிடுங்கிக்கிச்சு. உன் வலது கையில கூட்டம் அதிகம்னு வெச்சுக்கோ. அந்த நூலை விரல்ல சுத்திச் சுத்தி இழு, மத்த ரெண்டையும் கொஞ்சம் வழுக்க விடலாம்."

இழுத்தாள். முடிச்சு அவளுடைய வலது கைப் பக்கம் நகர்ந்தது.

"வலது கை நூல் குட்டையாச்சா? அதுதான் வோல்ட்டேஜ் குறையறது. கூட்டம் நிறைஞ்ச கம்பியில ஃபேன் ஊரும். மத்த ரெண்டு நூலும் நீண்டுடுச்சு பாரு. அங்கல்லாம் வோல்ட்டேஜ் ஏறும். எந்தக் கம்பியில ஆள் ரொம்பக் குறைச்சலோ அங்கதான் சேதம் ரொம்ப ஜாஸ்தி."

பட்டாசு நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக வருகிற கேலி இந்த முறை வரவில்லை.

"ஒரே கம்பியில இருக்கற அண்ணன் வீட்டுல ஃபேன் ஊருது. தம்பி வீட்டுல பறக்குது. அது எப்படி சார்?"

"முடியாது. ஒரே கம்பின்னா ரெண்டும் பறக்கணும், இல்ல ரெண்டும் ஊரணும்."

"அப்ப அண்ணன் அன்னைக்கு நீலத்துல இல்ல."

"மஞ்சள்ல இருந்திருக்கார். இந்தத் தெருவுல மஞ்சள்லேர்ந்து இழுக்கற வீடு கம்மி போல. கரண்ட் கொஞ்சம் தெம்பா இருக்கும். ஏசி நல்லா ஓடும். அதை யாரோ கண்டுபிடிச்சிருக்காங்க. கண்டுபிடிச்சது ஒருத்தர் இல்ல, நிறைய பேர். ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான்னு நினைச்சுத் திருகைத் திருப்பியிருக்காங்க."

"ஆக எதுவும் எரியாத வீட்டுக்காரங்கதான் திருடனுங்க. ஒழுங்கா இருந்த இடத்துலயே இருந்தவன் வீடுதான் எரிஞ்சிருக்கு."

"எப்பவும் போல" என்றார் நிதானம் சோர்வாக. "ஆனா அவங்க திருப்பின திருகெல்லாம் இப்ப பழைய இடத்துல இருக்கு. யார் திருப்பி வெச்சது?"

"மாட்டிக்கக் கூடாதுன்னு அவங்கவங்களே வெச்சிருப்பாங்க."

"எரிஞ்ச அஞ்சு நிமிஷத்துல ஒயர்மேன் ஓடி வந்துட்டார். பின்னாலயே மின்சார ஆபீஸ்காரங்க. அந்தக் கொஞ்ச நேரத்துல ஆறேழு பேர் வரிசையா உள்ளே போய் வந்தா யாரும் பார்க்க மாட்டாங்களா?" அவர் எழுந்தார். எழுவதற்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. "ஒரே ஆள் வேலை. இருபத்து நாலு வீடும் எந்த நிறம்னு நோட்டைப் பார்க்காமலே தெரிஞ்ச ஆள். கீழ போலாம். இறங்கறது கொஞ்சம் சுலபம்."

*

ஒயர்மேன் தண்ணீர் மோட்டார் அறையை அடுத்த தன் அறையில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி பாதி கட்டியாகிவிட்டது.

"நான்தான் சார் முறுக்கல. விட்டுடுங்க. அவ தேவையில்லாம உங்களை இழுத்துட்டு வந்துட்டா."

"ஏன்யா இப்படி உளர்றீங்க?" என்று மனைவி பாய்ந்தாள். "பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்தா எங்க வந்து நிப்பா? யோசிச்சீங்களா?"

நிதானம் அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். "முறுக்கினது முறுக்காதது எல்லாம் அப்புறம். திருகையெல்லாம் ஏன் பழையபடி திருப்பி வெச்சீங்க?"

அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்க ஓடி வந்து மெயினை அணைச்சீங்க. சுவரைப் பார்த்தீங்க. நீங்க போட்ட கணக்கெல்லாம் கலைஞ்சு கிடந்துச்சு. அதை அப்படியே விட்டிருந்தா அதுவே உங்களுக்குச் சாட்சி. வந்த அதிகாரி ஒரு பார்வையில புரிஞ்சுட்டிருப்பார். உங்களைக் காப்பாத்தற ஒரே சாட்சியை நீங்களே அழிச்சிருக்கீங்க. திருடனைக் காப்பாத்தறவர் மாதிரியும் தெரியல. வேற யாரைய்யா காப்பாத்தறீங்க?"

ஒயர்மேன் நிமிரவில்லை. ஆனால் அவர் கண்கள் ஒரு நொடி மனைவியின் இடுப்பில் தொங்கிய சாவிக்குப் போய் வந்தன. அதைப் பட்டாசும் பார்த்தாள், மனைவியும் பார்த்தாள்.

"சாவி..." என்றாள் மனைவி. சட்டென்று இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "மீட்டர் ரீடிங் பார்க்கணும்னு கேட்டாங்கய்யா. ஒவ்வொருத்தரா, ஒவ்வொரு நாள். பெரிய மனுஷங்க, அவங்க வீட்டு மீட்டரை அவங்க பார்க்கறாங்கன்னு குடுத்தேன். ரெண்டு நிமிஷத்துல திருப்பித் தந்துட்டாங்க."

"எத்தனை பேரும்மா?"

விரல் விட்டு எண்ணினாள். "ஏழு பேர்."

"சாவியை யாருக்கும் தர மாட்டேன்னு வேலைக்குச் சேரும்போது நீ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க" என்றார் ஒயர்மேன், மனைவி பக்கம் திரும்பி. "டீச்சரம்மாவைத் தூக்கிட்டுப் போனாங்களே, அப்ப உசுரு இருக்கா இல்லையான்னே தெரியல. சாவி யார் குடுத்ததுன்னு கேட்டா உன்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. எனக்கு வேலைதானே போகும்."

"அடப்பாவி மனுஷா" என்றாள் அவள். கட்டி வைத்த பெட்டியை இழுத்துத் திறந்து, உள்ளே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

பட்டாசு மெல்ல, "சார், உண்மையைச் சொன்னா அவர் தப்பிப்பார், இந்தம்மா மாட்டிப்பாங்க" என்றாள்.

"தெரியுது" என்றார் நிதானம். உண்மையைக் கண்டுபிடிப்பது அவரை என்றுமே களைப்பாக்கியதில்லை. அதை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் களைப்பு.

*

கூட்டம் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. இருபத்து நான்கு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. இரண்டு நாள் ஃபேன் இல்லாமல் தூங்காத முகங்கள். செயலாளர் டைப் அடித்த காகிதத்தோடு நடுவில் நின்றார். அவரும் தூங்கவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தவரின் சட்டை கசங்கியிருந்தது.

"இவர் யாருன்னு எனக்குத் தெரியாது. ஒயர்மேன் தரப்பாம். ரெண்டு நிமிஷம் கேட்டார். குடுத்திருக்கேன்" என்றார்.

நிதானம் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னக் கணக்கெடுப்பு. எல்லாருக்கும் கஷ்டம்தான். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி கஷ்டம் இல்ல. அன்னைக்கு ஃபேன் மெதுவாகி, ஏசி நின்னு, லைட் மங்கிப் போய் அவதிப்பட்டவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க."

அவதிப்பட்டவர் பட்டியலில் சேர யாருக்குத்தான் ஆசை இருக்காது? தையல் மாஸ்டர் தூக்கினார். அண்ணன் தூக்கினார். "எங்க வீட்டுலயும்தான், ஃபேன் ஓடவே இல்ல" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும் விட உயரமாகத் தூக்கியவர் செயலாளர்.

பட்டாசு விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினாள். "பதினஞ்சு சார்."

"கையை இறக்க வேண்டாம். ஃபேன் மெதுவானா அந்த வீடு மஞ்சள் கம்பியில இருந்துச்சுன்னு அர்த்தம். மத்த ரெண்டு கம்பியில இருந்த ஒன்பது வீட்டுலதான் எரிஞ்சது. இது மின்சார ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. மஞ்சள்ல ஒயர்மேன் வெச்சது எட்டு வீடு." நோட்டைத் திறந்து எட்டு எண்களையும் படித்தார். "இந்த எட்டுப் பேர் மட்டும் இறக்கிக்கலாம்."

எட்டுக் கைகள் இறங்கின. ஏழு கைகள் அந்தரத்தில் நின்றன. தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன்னைத் தவிர இன்னும் ஆறு பேர் இருந்தது ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அது... ஏசி இழுக்கல, அதனால ஒரு நாளைக்கு மட்டும்..." என்று ஆரம்பித்த அண்ணன் தன் கையைக் கீழே கொண்டுவர வழி தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

"பூட்டின ரூம் ஆச்சே! சாவி யார் குடுத்தது?" என்று ஏழில் ஒருவர் கத்தினார்.

நிதானம் வாயைத் திறப்பதற்குள் தூண் ஓரத்திலிருந்து ஒயர்மேனின் மனைவி முன்னால் வந்தாள்.

"நான் குடுத்தேன். மீட்டர் பார்க்கணும்னு நீங்க கேட்டீங்க, குடுத்தேன். குடுத்தது தப்புதான். என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா போங்க. அவரை விடுங்க."

"கூட்டிட்டுப் போவாங்களா?" என்று பல் டாக்டரம்மா எழுந்தார். "கேட்டு வாங்கினவங்க ஏழு பேரும் முதல்ல வண்டியில ஏறட்டும். அப்புறம் குடுத்தவளைப் பத்திப் பேசலாம்."

தம்பி தன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். பல வருடத்தில் அவர்களுக்குள் நடந்த முதல் பரிமாற்றமாக அது இருக்கலாம்.

செயலாளர் மட்டும் கையை இறக்கியிருந்தாலும் அசையவில்லை. காகிதம் அவர் விரல்களுக்கிடையே சுருண்டுகொண்டிருந்தது.

"எங்கம்மா வீடு எந்தக் கம்பி?" என்றார்.

இந்தக் கேள்வி வரும் என்று அவர் கை உயர்ந்தபோதே நிதானத்துக்குத் தெரியும். வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்திருந்தார்.

"நீலம். உங்க வீடும் அதுலதான் இருந்துச்சு. நீலத்துலேர்ந்து அஞ்சு வீடு மாறிப் போச்சு. மிச்சம் மூணு. அதுல ஒண்ணு அம்மா வீடு."

"நான் மாறாம இருந்திருந்தா?"

"நாலு இருந்திருக்கும். எரிஞ்சிருக்குமா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்."

அது உண்மைதான். ஆனால் ஆறுதலாக இல்லை. செயலாளர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனாலும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எழுவரில் எவரும் படிக்கட்டில் அடுத்தவரோடு சேர்ந்து ஏறவில்லை.

ஒயர்மேன் புது போல்ட்டையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு மீட்டர் ரூமுக்குப் போனார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"கிளம்பலாமா சார்?" என்றாள் பட்டாசு. "இந்தக் கட்டடத்துல இனிமே யாரும் யாரையும் ஒரு சொட்டு எண்ணெய் கடன் கேக்க மாட்டாங்க."

"கொஞ்சம் இரு. கால் ஒத்துழைக்கட்டும்."

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து மீட்டர் ரூம் திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. உள்ளே இருட்டு. செயலாளர் தயங்கித் தயங்கிப் போய் வாசலில் நின்றார். பிறகு, தரையில் கிடந்த டார்ச்சை எடுத்து, குனிந்திருந்த ஒயர்மேனின் தோளுக்கு மேலாகப் பிடித்தார்.

ஒயர்மேன் கறுத்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

"கையை ஆட்டாதீங்க சார்" என்றார் ஒயர்மேன், திரும்பிப் பார்க்காமல். "போல்ட் தெரியல."

செயலாளர் இன்னொரு கையையும் சேர்த்து டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் அப்போதும் ஆடிக்கொண்டேதான் இருந்தது.